கடையாணி: மாட்டு வண்டியிலிருந்து முன் லோடர் வரை

கடையாணி என்பது வண்டி அச்சின் முனையில் செருகப்படும் சிறிய இரும்பு ஆணி. சக்கரம் அச்சிலிருந்து கழன்று வெளியே வந்துவிடாமல் தடுப்பது இதன் வேலை. இது வண்டியின் பாரத்தைத் தாங்குவதில்லை, சக்கரத்தைச் சுழற்றுவதுமில்லை. ஆனால் இது விழுந்துவிட்டால் பாரம் தாங்கும் அச்சும் சுழலும் சக்கரமும் பயனற்றுப் போகும்.

இன்று டிராக்டரில் கலப்பை, டிரெய்லர், முன் லோடரின் பக்கெட் ஆகியவற்றை இணைக்கும் தடித்த பின்கள் கழலாமல் இருக்கச் செருகப்படும் ‘லிஞ்ச் பின்’, கடையாணியின் மறுவடிவம். ஆங்கிலத்தில் லிஞ்ச் பின் என்ற சொல்லே முதலில் வண்டிச் சக்கரத்தின் கடையாணியைத்தான் குறித்தது. மாட்டு வண்டி மறைந்தபோது அந்தச் சொல் அங்கே டிராக்டருக்கு இடம் மாறியது. தமிழில் அப்படி நடக்கவில்லை. கடையாணி என்ற சொல் வண்டியோடு நின்றுவிட, பொருள் மட்டும் ஆங்கிலப் பெயரோடு திரும்பி வந்தது. கள்ளக்குறிச்சி வட்டாரத்தின் சமவெளியிலும் அதன் மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்த இரண்டு ஆணிகளையும் கையாண்ட முதியவர்கள் இன்றும் உள்ளனர்.

சொல்லும் பழைய சான்றுகளும்

கடை என்றால் முனை, இறுதி. அச்சின் கடைசியில் நிற்கும் ஆணி என்பதால் கடையாணி. இதையே அச்சாணி என்றும் சொல்வர். பேச்சுவழக்கில் சில இடங்களில் அச்சுக்கு இருசு என்று பெயர்.

திருக்குறளின் வினைத்திட்பம் அதிகாரத்தில் 667-ஆவது குறள், உருவத்தைப் பார்த்து ஒருவரை எளிதாக எண்ணக் கூடாது என்பதற்குப் பெரிய தேரின் அச்சாணியை உவமையாக்குகிறது. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது பழமொழி. தேரின் உயரத்தோடு ஒப்பிட்டால் அந்த ஆணி ஒரு சாண்கூட இராது. உவமை நிற்பது இந்த அளவு வேறுபாட்டின் மீதுதான்.

சங்கப் பாடல்களில் வண்டியின் பிற உறுப்புகளும் இடம்பெறுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலையைச் சொல்லும் பட்டினப்பாலை, நுகத்தின் நடுவில் நிற்கும் ஆணியை அதற்கு ஒப்பிடுகிறது. புறநானூற்றின் 102-ஆவது பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போகும் மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும் வழியில் அச்சு முறியலாம் என்று எண்ணியே புறப்பட்டவர்கள் உமணர்கள். பழுது வரும் என்பதைப் பயணத்தின் ஒரு பகுதியாகவே அவர்கள் கணக்கில் கொண்டிருந்தனர்.

மாட்டு வண்டியில் கடையாணி

மரச் சக்கரத்தின் நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றின் முனைகளை இணைக்கும் வட்டை, வட்டையின் மேல் இரும்புப் பட்டை. குடத்தின் துளைக்குள் அச்சின் முனை நுழைந்து மறுபுறம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய பகுதியில் மேலிருந்து கீழாக ஒரு துளை உண்டு. கடையாணி அதில் செருகப்படும். குடத்திற்கும் ஆணிக்கும் நடுவே தேய்மானம் தாங்க ஒரு வளையம் இருக்கும்.

ஆணியின் வடிவில் கவனிக்க வேண்டியது அதன் தலை. தலை அகன்று இருப்பதால் ஆணி துளை வழியாகக் கீழே விழாது. மேலே எழும்பாமல் இருப்பதற்குத் தன் எடையையும் இறுக்கத்தையும் நம்பியே அது நின்றது. அடிமுனை சற்று வளைக்கப்பட்டோ, துளையிட்டுக் கயிறோ கம்பியோ கட்டப்பட்டோ இருந்தால் கூடுதல் பாதுகாப்பு. கரடுமுரடான பாதையில் ஒவ்வொரு குலுக்கலும் ஆணியை மேலே தள்ளும். எனவே நெடுந்தூரம் போகும் வண்டிக்காரர் இறங்கும்போதெல்லாம் இரு பக்கமும் பார்த்து, எழும்பியிருந்தால் கல்லால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறுவார்.

குடம் அச்சின் மேல் சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும். வண்டி நகரும்போது குடம் ஒருமுறை உட்புறமும் ஒருமுறை கடையாணிப் பக்கமும் போய் இடிக்கும். மாட்டு வண்டியின் ‘கடக் கடக்’ ஓசை இந்த இடிப்பிலிருந்து பிறப்பதே. ஓசை மாறினால் வளையம் தேய்ந்துவிட்டது, மசகு வற்றிவிட்டது அல்லது ஆணி எழும்புகிறது என்று பொருள். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்யும் வண்டி மை அக்காலத்து மசகு.

சக்கரம் செய்வது தச்சர் வேலை. பட்டை கட்டுவதும் அச்சு, ஆணி அடிப்பதும் கொல்லர் வேலை. ஆணி தொலைந்தால் அருகிலுள்ள பட்டறையில் துளைக்கு ஏற்ப ஒன்று அடித்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அச்சின் துளையும் ஒவ்வோர் அளவு. பொது அளவு எதுவும் இருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. ஊரில் வண்டியும் பட்டறையும் ஒரே தெருவில் இருந்த காலம் அது.

கள்ளக்குறிச்சிப் பகுதியில் கரும்பு பெருகியபோது வண்டிகளின் பாரமும் பெருகியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு ஏற்றிச் சென்றவற்றில் மாட்டு வண்டிகள் பல. மரச் சக்கரம் போய் ரப்பர் டயர் வந்தது. ‘டயர் வண்டி’யில் சக்கரம் பேரிங்கின் மேல் சுழன்றது. அச்சு முனையில் கடையாணிக்குப் பதில் நட்டும், நட்டைத் திரும்பாமல் பிடிக்கும் ஸ்பிளிட் பின்னும் வந்தன. அவை தூசி மூடிக்குள் மறைந்திருந்ததால் இறங்கிப் பார்ப்பதற்கு வெளியே எதுவும் தெரியவில்லை. கடையாணியைப் பார்க்கும் வழக்கம் முதலில் தளர்ந்தது இங்கேதான் என்று சொல்லலாம்.

கல்வராயன் மலையில் உழவு

மலையின் கதை வேறு. வெள்ளிமலை இன்று கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடம். கள்ளக்குறிச்சி, விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பர் 26 அன்று தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. இம்மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்களின் ஆளுகையில் இருந்தது. 1976-இல்தான் மலை முழுமையாக அரசின் நேரடி நிர்வாகத்திற்குள் வந்தது. சாலைகள் பெரும்பாலும் அதற்குப் பின்னர் வந்தவை. எல்லாச் சிற்றூர்களுக்கும் அவை இன்னும் வந்துவிடவில்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்து விசாரித்தபோது சாலை வசதியும் அதில் ஒரு முக்கியப் பொருளாக இருந்தது.

சாலை இல்லாத சரிவில் வண்டி ஓடாது. சாமை, ராகி, கடுக்காய், தேன் எல்லாம் தலையிலும் தோளிலும் இறங்கின. ஆகவே இங்குள்ள மலையாளிப் பழங்குடி உழவர்களுக்கு நெருக்கமாகத் தெரிந்தது வண்டியின் கடையாணி அல்ல, கலப்பையின் ஆப்பு. மரக் கலப்பையில் ஏர்க்காலை உடலோடு இறுக்கவும், உழவின் ஆழத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஆப்பு பயன்பட்டது. கொழுவைப் பிடித்திருக்கும் வளையமும் தளராமல் பார்க்கப்பட வேண்டியது. கல் நிறைந்த மண்ணில் ஆப்பு அடிக்கடி தளரும். ஏரோட்டுபவர் நின்று, தட்டி இறுக்கி, மீண்டும் நடப்பார். தளர்ந்த ஆப்பினால் உயிர்ச் சேதம் வருவதில்லை. சால் கோணும், அவ்வளவே.

சமவெளியில் ஏர், வண்டி, டயர் வண்டி, டிராக்டர் என்று படிப்படியாக நடந்த மாற்றம் மலையில் ஏரிலிருந்து நேரே இயந்திரத்திற்குத் தாவியது. மரவள்ளி சாகுபடி பரவி, கிழங்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்கத் தொடங்கியபோது டிராக்டருக்கும் டிரெய்லருக்கும் வேலை வந்தது. இந்தத் தாவலில் வண்டிக்காரரின் பழக்கங்கள் நடுவழியில் கைமாற இடமில்லாமல் போயின.

பெர்குசனும் மூன்று புள்ளிகளும்

டிராக்டரில் கருவியை எப்படிப் பிணைப்பது என்ற கேள்வி உயிர்களைக் காவு வாங்கிய ஒன்று. 1917-இல் உற்பத்திக்கு வந்த போர்ட்சன் போன்ற தொடக்ககால டிராக்டர்கள், மாடு ஏரை இழுப்பதுபோலக் கலப்பையை ஒரே பின்னில் மாட்டி இழுத்தன. கலப்பை மண்ணுக்குள் வேரிலோ பாறையிலோ சிக்கினால் பின்சக்கரம் நிற்காமல் திரும்ப முயலும். டிராக்டரின் மூக்கு மேலெழுந்து ஓட்டுநரின் மேல் குப்புறக் கவிழும். இப்படி இறந்தவர்கள் பலர்.

வட அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் முதல் உலகப் போரின்போது அயர்லாந்து வேளாண் வாரியத்திற்காக டிராக்டர்களின் பயன்பாட்டை நேரில் பார்த்து ஆராய்ந்தவர். கலப்பையும் டிராக்டரும் தனித்தனியாக இருப்பதே சிக்கல் என்ற முடிவுக்கு வந்தார். அவர் 1926-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு பின்னர் மூன்று புள்ளி இணைப்பாக உருவெடுத்தது. கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் ஒரு டாப் லிங்க், தூக்கி இறக்க ஹைட்ராலிக். கலப்பை தடையில் மோதும்போது எழும் விசை, டாப் லிங்க் வழியாக டிராக்டரின் முன்புறத்தை மேலே தூக்குவதற்குப் பதில் கீழே அழுத்தியது. கவிழ்வதற்குக் காரணமான விசையே கவிழாமல் காத்தது.

இந்த அமைப்போடு 1936-இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டரும், ஹென்றி போர்டுடன் 1938-இல் கைகுலுக்கி மட்டும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் விளைவாக 1939-இல் போர்டு 9என் டிராக்டரும் வந்தன. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தயாரான பெர்குசன் டிஇ-20 ஐந்து லட்சத்தைத் தாண்டியது. அதனுடன் ஒரே ஒரு ஸ்பானர் கொடுத்தார்கள். வழக்கமான சரிசெய்தல்கள் எல்லாவற்றிற்கும் அதுவே போதும். சால் அளக்க அதில் அங்குலக் கோடுகளும் இருந்தன.

ஸ்பானர்கூட இல்லாமல் கருவியை மாட்டிக் கழற்ற முடிந்ததற்குக் காரணம் லிஞ்ச் பின். கருவியின் இரு பக்கமும் நீட்டியிருக்கும் பின்னில் கீழ்க் கையின் உருண்டைத் துளையை நுழைத்து, பின்னின் முனையிலுள்ள துளையில் லிஞ்ச் பின்னைச் செருகினால் வேலை முடிந்தது. வண்டியின் அச்சு, குடம், கடையாணி ஆகிய மூன்றும் இங்கே கருவியின் பின், கையின் உருண்டை, லிஞ்ச் பின் என்று அதே வரிசையில் நிற்கின்றன. புதிதாகச் சேர்ந்தது வில்போல் அழுத்தம் கொண்ட ஒரு வளையம். ஆணியின் தலையில் மாட்டப்பட்ட அந்த வளையம் மறுபுறம் மடிந்து ‘டக்’ என்று பின்னின் மேல் படிந்து, ஆணி எழும்பாமல் பிடித்துக்கொள்ளும். கல்லால் தட்டி இறுக்க வேண்டிய கடையாணியின் பழைய குறைக்கு இதுவே விடை.

சென்னையில் வந்தது

1953-இல் பெர்குசனின் நிறுவனம் கனடாவின் மாசே-ஹாரிசுடன் இணைந்தது. மாசே பெர்குசன் என்ற பெயர் 1958 முதல் வழங்கியது. அதன் கூட்டுறவோடு 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழக உழவர் பலருக்கு டிராக்டர் என்றாலே சிவப்பு நிற மாசே பெர்குசன் நினைவுக்கு வருவது இதனால்தான். பெர்குசனின் மூன்று புள்ளி இணைப்பு தமிழ்நாட்டு வயல்களுக்குள் பெருமளவில் நுழைந்தது இந்த வழியாக.

இணைப்பின் அளவுகள் உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 730 என்ற தரத்திலும், இந்தியாவில் ஐ.எஸ். 4468 என்ற தரத்திலும் வரையறுக்கப்பட்டுள்ளன. சிறிய டிராக்டர்களுக்கான வகை 1-இல் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், மேல் பின் 19 மில்லிமீட்டர் விட்டம். அடுத்த வகை 2-இல் கீழ்ப் பின் சுமார் 28, மேல் பின் சுமார் 25 மில்லிமீட்டர். லிஞ்ச் பின் இரண்டிற்கும் பொதுவாக 11 மில்லிமீட்டர் அளவில் விற்கிறது. ஒரு கம்பெனியின் டிராக்டரில் இன்னொரு கம்பெனியின் கொக்கிக் கலப்பையையும் சுழல் கலப்பையையும் மாட்ட முடிவது இந்த ஒழுங்கினால். பட்டறையில் துளைக்கு ஏற்ப ஆணி அடித்த காலம் இத்துடன் முடிந்தது.

முன் லோடர்

பின்பக்கக் கருவி கழன்றால் அது பெரும்பாலும் தரையில் விழுந்து இழுபடும். முன் லோடரில் கருவி ஓட்டுநரின் தலைக்கும் மேலே தூக்கப்படுகிறது. இங்கே பின் கழல்வது வேறு வகை ஆபத்து.

எரு, மண், வைக்கோல் அள்ளுவதற்கு டிராக்டரின் முன்புறம் இரு கைகளையும் ஒரு பக்கெட்டையும் பொருத்தும் முயற்சி இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேகம் பெற்றது. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்போர்ட் 1945-இல் தொடங்கிய சிறு பட்டறையிலிருந்து 1949-இல் போர்ட்சன் மேஜர் டிராக்டருக்கான மேஜர் லோடர் வந்தது. அவருடைய பெயரின் முதலெழுத்துகளே ஜேசிபி. தமிழ்நாட்டில் மண் அள்ளும் இயந்திரம் எதுவானாலும் ‘ஜேசிபி’ என்றே அழைக்கப்படுகிறது. 1979-இல் அந்நிறுவனம் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டாக இந்தியாவுக்குள் வந்தது. டிராக்டரில் மாட்டும் லோடர்களை இந்தியாவில் செய்யும் நிறுவனங்களுள் கோயம்புத்தூரின் புல் மெஷின்ஸும் ஒன்று. தனி ஜேசிபி வாங்க முடியாத, ஆனால் டிராக்டர் வைத்திருக்கும் ஒருவருக்கு இத்தகைய லோடர் ஒரு நடுவழி.

பழைய முறையில் பக்கெட் நேரடியாகப் பின்களால் மாட்டப்படும். பொதுவாக நான்கு பின்கள்: கைகளின் முனையில் இரண்டு, பக்கெட்டைக் கவிழ்க்கும் சிலிண்டர்களின் முனையில் இரண்டு. கைகளை டிராக்டரின் உடலோடு பிணைக்கும் பின்கள் தனி. பக்கெட்டைக் கழற்றி முள்கரண்டி போன்ற வேறொரு கருவியை மாட்ட நான்கு பின்களையும் சுத்தியலால் தட்டி எடுக்க வேண்டும். பெரும் நேரம் பிடித்த வேலை இது.

இதற்கு மாற்று அமெரிக்காவில் வேறொரு இயந்திரத்திலிருந்து பிறந்தது. மின்னசோட்டா மாநிலத்தில் வான்கோழிப் பண்ணை ஒன்றின் கொட்டகைக்குள் திரும்பி எச்சம் அள்ளக்கூடிய சிறு இயந்திரத்தை 1957-இல் கெல்லர் சகோதரர்கள் செய்து கொடுத்தனர். பாப்காட் எனப் பின்னாளில் பெயர் பெற்ற அந்த இயந்திரத்திற்கு 1970-இல் விரைவு இணைப்பு வந்தது. ஒரு தட்டின் மேல் விளிம்பைக் கருவியின் முதுகிலுள்ள மடிப்பில் நுழைத்துத் தூக்கி, இரண்டு நெம்புகோல்களை மடக்கினால் இரண்டு ஆப்புகள் கீழே இறங்கிக் கருவியின் அடித் துளைகளில் பூட்டிக்கொள்ளும். சிறிய டிராக்டர்களின் லோடர்கள் பலவும் பின்னர் இந்த முறையை ஏற்றன. ஐரோப்பாவில் மேலே கொக்கியும் கீழே குறுக்குப் பின்னும் கொண்ட வேறொரு முறை வளர்ந்தது. ஐ.எஸ்.ஓ. 23206 என்ற தரம் முன் லோடர்களின் இத்தகைய இணைப்புச் சட்டத்துக்கானது.

விரைவு இணைப்பு வேலையை எளிதாக்கியது. கூடவே ஒரு புதிய ஏமாற்றத்தையும் கொண்டுவந்தது. மேல் விளிம்பு மாட்டியவுடனேயே பக்கெட் தூக்கினால் எழும். அடி ஆப்புகள் இறங்கியிருந்தாலும் இறங்காவிட்டாலும் இருக்கையிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே தோற்றம். துளைகளில் மண் அடைத்திருந்தால் நெம்புகோல் பாதி மடங்கி நிற்கும். பாரத்தோடு தூக்கிக் கவிழ்க்கும்போது பக்கெட் மேல் விளிம்பை அச்சாகக் கொண்டு ஊசலாடிக் கழன்று விழும், அல்லது கைகளின் மேல் உருண்டு ஓட்டுநரை நோக்கி வரும். எனவே மாட்டியபின் இறங்கிச் சென்று இரு பக்கமும் ஆப்பு துளைக்கு வெளியே நீட்டியிருப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு தரையோடு ஒட்டிய உயரத்தில் பக்கெட்டின் முன்விளிம்பைக் கீழ்நோக்கிச் சாய்த்து நிலத்தில் அழுத்திப் பார்க்க வேண்டும். பூட்டியிருந்தால் தட்டுக்கும் பக்கெட்டுக்கும் நடுவே இடைவெளி விழாது. துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பது விரலை இழப்பதற்கான வழி. அதற்கு ஒரு கம்பி போதும்.

பின்னைப் பிடிப்பது எது

முன் லோடரின் தடித்த பின் பாரத்தைக் குறுக்காகத் தாங்குகிறது. அதன் முனையிலுள்ள சிறு பூட்டு, பின் பக்கவாட்டில் நழுவாமல் தடுப்பது மட்டுமே. பக்கவாட்டு விசை சிறிது என்பதால் எதைச் செருகினாலும் போதும் என்ற எண்ணம் எளிதில் வருகிறது. தொலைந்துபோன லிஞ்ச் பின்னுக்குப் பதில் ஆணி, கட்டுக் கம்பி, ஸ்குரு டிரைவர் என்று கையில் கிடைத்தது நுழைவது இப்படித்தான்.

உண்மையில் அந்த விசை சிறிதாக இருந்தாலும் ஓய்வதில்லை. பக்கெட்டின் ஒரு மூலை பாறையிலோ அடிமரத்திலோ இடிக்கும்போது கைகள் முறுக்கப்பட்டு, பின் ஒரு நூலளவு வெளியே தள்ளப்படும். மசகு இல்லாத பின் கையோடு சேர்ந்து சுழன்று பூட்டை அறுக்கும். சாதாரண ஆணி வளைந்து தேயும், கட்டுக் கம்பி உராய்ந்து அறும். துளை தேய்ந்து முட்டை வடிவானால் ஆட்டம் கூடி, எந்தப் பூட்டும் நெடுநாள் நிற்காது. அப்போது மாற்ற வேண்டியது பூட்டை அல்ல, புஷ்ஷையும் பின்னையும்.

லிஞ்ச் பின்னுக்கும் ஒரு குறை உண்டு. அதன் வளையம் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் புதர், கரும்புச் சோகை, மரவள்ளித் தண்டு ஆகியவற்றில் மாட்டித் திறந்துகொள்ளும். ‘ஆர்’ வடிவக் கிளிப்பும் அவ்வாறே இழுபடும். ஸ்பிளிட் பின்னின் இரு கால்களையும் நன்றாக மடக்கினால் அது புதரைத் தாங்கும். ஆனால் ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. நிரந்தரமாக இருக்க வேண்டிய பின்களுக்குக் காலரையும் பின்னையும் குறுக்கே துளைத்துப் போகும் போல்ட்டும், தானாகத் தளராத லாக் நட்டுமே நல்ல ஏற்பாடு. போல்ட்டை இறுக்கி முறுக்க வேண்டியதில்லை, வெளியே வராமல் நின்றால் போதும். பின்னின் தலையில் பற்றவைத்த தட்டை ஒரு போல்ட்டால் கையோடு பிடிக்கும் முறை இன்னும் சிறந்தது. பின் நழுவுவதையும் சுழல்வதையும் அது ஒருசேரத் தடுக்கிறது. நாள்தோறும் கழற்றி மாட்டும் இடங்களுக்கு லிஞ்ச் பின் என்று வரையறுத்துக்கொள்வது பொருத்தம்.

எல்லாப் பின்னும் உடையாமல் இருக்க வேண்டியவை அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். சில கருவிகளில் வரும் ஷியர் போல்ட், கல்லில் மாட்டினால் தானே முறிந்து கியர் பெட்டியைக் காப்பதற்காகவே வைக்கப்பட்டது. அடிக்கடி முறிகிறது என்று அங்கே வலுவான போல்ட்டைப் போட்டால் அடுத்து உடைவது கியர்.

மலைச் சரிவில்

கல்வராயன் மலையின் துண்டு துண்டான, சாய்ந்த நிலங்களுக்குப் பெரிய டிராக்டர் ஏற்றதல்ல. பவர் டில்லரும் மினி டிராக்டரும் இத்தகைய நிலத்துக்கு உரியவை. பெங்களூரில் 1967-இல் மிட்சுபிஷி கூட்டுறவோடு தொடங்கிய வி.எஸ்.டி. நிறுவனம் இவ்வகை இயந்திரங்களைத் தென்னிந்தியாவில் பரப்பியதில் முன்னோடி. சொந்தமாக வாங்காதவர்கள் வேளாண்மைப் பொறியியல் துறையிடமிருந்தோ தனியாரிடமிருந்தோ இயந்திரங்களை வாடகைக்கு எடுக்கலாம். வாடகை இயந்திரம் நாளுக்கொரு கருவி மாற்றுவது. கழற்றி மாட்டும் கை ஒன்று, ஓட்டும் கை இன்னொன்று என்றால் பின்னைப் பார்த்தது யார் என்ற கேள்வி எழுகிறது. தன் வண்டியைத் தானே பூட்டிய வண்டிக்காரரிடம் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

சிறிய டிராக்டரில் லோடர் மாட்டினால் எடை முழுவதும் முன் அச்சுக்கு வருகிறது. பின்புறம் எதிர் எடை கட்டாவிட்டால் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். சரிவில் பிரேக்கின் பெரும்பகுதி வேலை பின்சக்கரத்தில்தான். பக்கெட்டை உயரத் தூக்கிக்கொண்டு சரிவில் குறுக்காகப் போவது கவிழ்வதற்கு நேர் வழி. எருவோ மண்ணோ எதுவானாலும் பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல் கொண்டுசெல்ல வேண்டும். தூக்கிய கைகளின் கீழே நின்று பின்னைத் தட்டக் கூடாது.

டிரெய்லரின் கொக்கிப் பின் இன்னும் எளிய உறுப்பு, இன்னும் கூடுதலாகக் கவனிக்கப்படாதது. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதையில் இறங்கும்போது டிரெய்லர் டிராக்டரைத் தள்ளும், ஏறும்போது பின்னுக்கு இழுக்கும். திசை மாறும் ஒவ்வொரு முறையும் கொக்கிப் பின் துளைக்குள் குலுங்கி மேலெழப் பார்க்கும். அடியில் பூட்டு இருந்தால் பின் எழாது. இல்லையென்றால் மரவள்ளி மூட்டைகளோடு டிரெய்லர் தனியே இறங்கும். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி தடை. ஆனால் பேருந்து அரிதான சிற்றூர்களில் அந்த மூட்டைகளின் மேல் ஆட்களும் அமர்ந்திருப்பதுண்டு. பின் கழன்றாலும் டிரெய்லர் பிரிந்துவிடாமல் டிராக்டரின் உடலோடு மாட்டும் ஒரு தனிச் சங்கிலியை இதற்குத் துணையாகப் பயன்படுத்தலாம்.

லிஞ்ச் பின் தொலைவதற்குப் பெரும்பாலும் காரணம் உடைவதல்ல. கருவியைக் கழற்றும்போது தரையில் வைத்துவிட்டு மறந்துபோவதே. பின்னோடு சேர்ந்தே தொங்கும்படி சிறு சங்கிலியில் கோத்த லிஞ்ச் பின்கள் இதற்காகவே கிடைக்கின்றன. அவை இல்லாவிட்டால் கழற்றியவுடன் அதே பின்னின் துளையில் திரும்பச் செருகி வைக்கலாம். உதிரியாக இரண்டு மூன்று லிஞ்ச் பின்களை டூல் பெட்டியில் போட்டு வைப்பவர்களும் உண்டு. உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சைக் கட்டிக்கொண்டு போனதும் இதே எண்ணத்தோடுதான்.